ஒரு நாள்கூட விடல

பந்துதான் தாயி. ரப்பர் பந்து. எடுத்து அமுக்கிப் பாரு, பரவால்ல. இது துணி காயப்போடுற கிளிப்பு, பன்னண்டு இருக்கு. இது பழைய துண்டு. பேரப்பிள்ளைக்கு வெளையாட்டுச் சாமான் கொண்டுபோறேன்னு நெனச்சிருப்ப. அதான் பஸ்ஸுல பக்கத்துல உக்காந்ததும் பையைப் பார்த்துச் சிரிச்ச. இது எங்க வீட்டுக்காரருக்கு. அவருக்கு அம்பத்தெட்டு வயசு.

போன சித்திரையில கை கால் விழுந்துருச்சு. வலது பக்கம். கரண்டு ஆபீஸ்ல லைன்மேன் அவரு. ராசாங்கம்னா எங்க ஊருல பச்சப்பிள்ளைக்கும் தெரியும். காத்துமழை அடிச்சுக் கம்பி அறுந்து கெடந்தா ஊரே கதவச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள இருக்கும், இவரு போஸ்ட்டு மேல இருப்பாரு. அப்படி ஏறுன காலு தாயி, ஒரு செவ்வாக்கெழமை காலைல கட்டில்லேருந்து தரையில ஊனல. "பஞ்சு, என் காலு எங்க?"ன்னு கேட்டாரு. என் பேரு பஞ்சவர்ணம். காலு எங்கன்னு என்னையக் கேக்குறாரு. அதோட நாக்கும் குழறிருச்சு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை வந்தா மறு வார்த்தை வராது.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்ததும் ஜெபசீலின்னு ஒரு பிசியோதெரபிப் பொண்ணு வந்துச்சு. உன் வயசுதான் இருக்கும். பொறுமையான பிள்ளை. ஒரு தாள்ல பதினாலு பயிற்சி படம் போட்டுக் குடுத்துச்சு. பந்தை அமுக்குறது, கிளிப்பைப் புடிச்சு டப்பா விளிம்புல மாட்டுறது, மேசையில துண்டைப் போட்டுக் கையால தள்ளுறது, நாற்காலியிலேருந்து பத்து தடவை எந்திரிச்சு உக்கார்றது, செவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது, அப்படி. போறப்ப சொல்லுச்சு: "அம்மா, மொத ஆறு மாசம் ரொம்ப முக்கியம். ஒரு நாள் விட்டீங்கன்னா மூணு நாள் பின்னாடி போயிரும்."

அந்த ஒரு சொல்லு போதும் எனக்கு. ஒரு நாள் விட்டா மூணு நாள்.

ஏன்னு கேளு. எங்கய்யாவுக்கும் இதேதான் வந்துச்சு. அப்பல்லாம் பயிற்சியாவது ஒண்ணாவது. கட்டில்ல போட்டுட்டாங்க. பதினோரு வருசம் கெடந்தாரு. கை அப்படியே கோழிக்கால் மாதிரி மடங்கி நெஞ்சோட ஒட்டிக்கிச்சு. முதுகெல்லாம் புண்ணு. எங்கம்மா ஒரு கல்யாணத்துக்குப் போனதில்ல, ஒரு காதுகுத்துக்குப் போனதில்ல. வீட்டுக்குள்ள யாரு வந்தாலும் மூக்கைப் பொத்துறது எனக்குத் தெரியும். கடைசியில கெடந்தவரு கெடக்க, பார்த்துக்கிட்ட எங்கம்மாதான் முந்திப் போய்ச் சேந்துச்சு. அதைப் பார்த்து வளந்தவ நான். இந்த மனுசனை நான் அப்படிக் கெடக்க விடமாட்டேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

நான் சத்துணவு அமைப்பாளர். நூத்தியெம்பது பிள்ளைங்க. பன்னண்டு இருவதுக்குச் சோறு எறங்கணும்னா எறங்கியிருக்கும். கேஸ் இல்லாட்டி வெறகு, வெறகு ஈரம்னா தென்னமட்டை. இருவத்திரெண்டு வருசத்துல ஒரு பிள்ளை பசியோட நின்னதில்ல. அந்த மாதிரிதான் இதுவும். காலைல அஞ்சரைக்கு ஒரு மணி நேரம், சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு மணி நேரம். முடிஞ்சதும் காலண்டர்ல ஒரு டிக்கு.

அவருக்கு அப்ப வந்த நாலஞ்சு வார்த்தையில "நாளைக்கி" ஒண்ணு. அது மட்டும் சுத்தமா வரும். எழுப்பினா, "நாளைக்கி." பந்தைக் குடுத்தா, "நாளைக்கி." நான் சொல்லுவேன், "நாளைக்கும் உண்டு, இன்னைக்கும் உண்டு, எந்திரிங்க." கண்ணுல தண்ணி வரும். ஜெபசீலியக் கேட்டேன். கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும்னுச்சு. அதனால கண்ணுல தண்ணி வந்தா நல்லதுன்னு எடுத்துக்குவேன். வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

நான் கொடுமைக்காரி இல்ல தாயி. கொடுமைக்காரின்னா செய்யாட்டிக் கெடன்னு விட்டுட்டுப் போயிருப்பேன்.

எத்தனை தடங்கல் வந்துச்சுங்குற! ஐப்பசி மழையில ஓடு ஒழுகி வீட்டுக்குள்ள கெண்டைக்கால் தண்ணி. ரெண்டு ராத்திரி சத்துணவுக் கூடத்துலதான் இருந்தோம். அங்க புடிச்சு நிக்க என்ன இருக்கு? அரிசி மூட்டையை அடுக்கி வச்சு அதைப் புடிச்சுக்கிட்டு நிக்க வச்சேன். ஒரு வாரம் காய்ச்சல் அடிச்சுச்சு, நிக்கிற பயிற்சிய விட்டுட்டுக் கை பயிற்சி மட்டும் செஞ்சோம். அதையும் நான் டிக்குன்னு போடல, பாதி டிக்குதான் போட்டேன். எனக்கு நானே பொய் சொல்லக் கூடாதுல்ல.

மக பிரசவம் அதுக்கு முன்னாடி, ஆவணியில. அவளை ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. இவரை வீட்டுல விட ஆளில்ல, கூடவே கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். சாயங்காலம் அஞ்சரை ஆச்சு. வராந்தாவுல ஒரு நாற்காலி கெடந்துச்சு. சரி, எங்கிருந்தா என்னன்னு ஆரம்பிச்சாச்சு. போற வர்ற சனமெல்லாம் நின்னு பார்க்குது. இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "வெக்கப்படாதீங்க, அவுகளா வந்து நாளைக்கு உங்களுக்குச் சோறு ஊட்டப் போறாக?"ன்னேன். எந்திரிச்சு உக்கார்ற பயிற்சி. எட்டு முடிஞ்சிருச்சு. நர்சு ஓடியாந்து, "பஞ்சவர்ணம் யாரு? உங்க பொண்ணு அம்மா அம்மான்னு கூப்புடுது, வாங்க"ன்னுச்சு. ரெண்டுதான் பாக்கி. முடிச்சிட்டுப் போனேன். நான் போறதுக்குள்ள பொறந்துருச்சு. பேரன். நல்லா இருக்கான். மக மட்டும் அதையே பிடிச்சுக்கிட்டு, "ரெண்டு நிமிசம் வந்திருக்கக் கூடாதாம்மா"ன்னு இன்னமும் சொல்லுவா. நான் போயிருந்தா மட்டும் அவளுக்கு வலி கொறஞ்சிருக்குமா?

ஆனா பலன் இருந்துச்சு, அதைச் சொல்லணும். நாலாம் மாசம் செவத்த விட்டுட்டு நின்னாரு. அஞ்சாம் மாசம் நாலு கால் குச்சிய ஊனிப் பத்து எட்டு வச்சாரு. எதுத்த வீட்டுக்காரி, "பஞ்சு, நீ எமன்கிட்டேயே மல்லுக்கு நிப்படி"ன்னா. எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல.

அவருக்கு ஒரே ஒரு அண்ணன், வீரணன்னு பேரு. வெள்ளையம்பட்டியில இருந்தாரு. அந்தா, இன்னும் ரெண்டு ஸ்டாப்பு போனா வரும் ஊரு. எங்க மாமனாரு கெணறு வெட்டுறப்ப மண்ணு சரிஞ்சு செத்துப் போனாரு. இவருக்கு அப்ப ஆறு வயசாம், அண்ணனுக்குப் பதினேழு. தூக்கி வளத்தது, படிக்க வச்சது, என்னையப் பொண்ணு பார்க்க வந்தது எல்லாம் அவருதான். தம்பிக்கு இப்படி ஆனதும் வாரத்துல மூணு நாள் பைக்க எடுத்துக்கிட்டு வந்துருவாரு. வந்தா எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு, "எலே ராசு, நீ கையத் தூக்கு, நானும் தூக்குறேன், யாரு மேலே தூக்குறான்னு பார்ப்போம்"பாரு. இவரு சிரிப்பாரு. அப்புறம் ரெண்டு பேரும் பாதியில விட்டுட்டு அவுக கத பேச ஆரம்பிச்சிருவாக. இவருக்குப் பேச்சே வராது, ஆனாலும் பேசுவாக, எப்படின்னு தெரியாது.

எனக்குப் பயிற்சி கெடுது. ஒரு நாள் சொல்லிட்டேன். "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஆறரை வரைக்கும் பயிற்சி. அதுக்கு மேல வாங்க"ன்னேன். அவரு கோவிச்சுக்கல. "நீ சொன்னா சரிதாம்மா"ன்னாரு. அதுக்கப்புறம் வந்தா தெருமுக்குல வேப்பமரத்தடியில பைக்க நிறுத்திட்டு, ஆறரை ஆகுற வரைக்கும் உக்காந்திருப்பாரு. நேரத்தை மதிக்கிற மனுசன்.

கார்த்திகையில ஒரு வெள்ளிக்கெழமை. காலைல அஞ்சு மணி தாண்டியிருக்கும். அவரை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, நாற்காலியில உக்கார வச்சிருக்கேன். போன் அடிக்குது. ஒச்சம்மாக்கா. இவரு அண்ணன் பொஞ்சாதி.

"பஞ்சு, உங்க மாமாவுக்கு நெஞ்சை அடைக்குதுங்குறாரு. வேர்த்து ஊத்துது. ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கு. தம்பியப் பார்க்கணும் தம்பியப் பார்க்கணும்ங்குறாரு. ஒரு ஆட்டோவப் புடிச்சுக் கூட்டிட்டு வா."

"சரிக்கா"ன்னேன்.

சரின்னுதான் சொன்னேன் தாயி. இல்லன்னு சொல்லல.

இங்க பாரு. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இதே மாதிரி போன் வந்திருக்கு. ஆடியில ஒருக்கா, புரட்டாசியில ஒருக்கா. ரெண்டு தடவையும் அரக்கப்பரக்க ஓடினோம். ரெண்டும் வாயு. ஓமத்தண்ணி குடிச்சதும் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. அந்த ரெண்டு நாளும் இவருக்குப் பயிற்சி தள்ளிப்போய்ப் பத்து மணிக்குத்தான் செய்ய முடிஞ்சுச்சு. அந்த மாதிரிதான்னு நெனச்சேன். ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்துல என்ன ஆயிரும்னு நெனச்சேன்.

இவரு என்னையவே பார்க்குறாரு. "ஆரு?"ங்குறாரு.

"பள்ளிக்கூடத்துலேருந்து. கேஸ் வண்டி வந்திருக்காம்"ன்னேன்.

ஆரம்பிச்சோம். பந்து முடிஞ்சுச்சு, கிளிப்பு முடிஞ்சுச்சு. துண்டு தள்ளுறப்ப மறுபடியும் போன். எடுத்துத் தலகாணிக்கு அடியில வச்சேன். அது அடியில கெடந்து உறுமுது. இவரு அந்தப் பக்கம் திரும்புறாரு. "இங்கிட்டுப் பாருங்க, முழங்கைய நீட்டுங்க"ன்னேன். மூணாவது தடவையும் அடிச்சுச்சு. பதினாலும் முடிச்சுட்டு, டிக்குப் போட்டுட்டு, ரெண்டு இட்லி ஊட்டிவிட்டுட்டு, மணி ஆறே முக்காலுக்குப் போன எடுத்துக் கூப்பிட்டேன்.

ஒச்சம்மாக்கா எடுக்கல. அவுக மகன் எடுத்தான். "சின்னம்மா, அப்பா போயிட்டாரு"ன்னான்.

ஆம்புலன்சு வந்துருக்கு. ஏத்தியிருக்காங்க. ஏத்துறப்ப, "தம்பி வர்றானான்னு ரோட்டப் பாருங்கடா"ன்னு சொன்னாராம். வழியிலேயே முடிஞ்சிருச்சு.

இவரை ஆட்டோவுல ஏத்தின பின்னாடிதான் சொன்னேன். வீட்டுல வச்சுச் சொல்லி மயங்கி விழுந்துட்டா நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்? சொன்னதும் தொண்டையிலேருந்து ஒரு சத்தம். ஆட்டோக்காரரு வண்டிய நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தாரு.

அங்க போனா, அக்கா தலைய விரிச்சுப் போட்டு அழுகுது. இவரைப் பார்த்ததும் ஓடியாந்து, விளங்காத அந்தக் கையப் புடிச்சுக்கிட்டு, "என் தம்பி, அஞ்சு மணிக்கே சொல்லிவிட்டேனே! ரோட்டையே பார்த்துக்கிட்டுப் போனாரே உங்க அண்ணன்!"னு ஒரே கதறல்.

இவரு என் பக்கம் திரும்பினாரு. "அஞ்சு?"ன்னாரு.

அந்த ஒரு வார்த்தைதான். ஒப்பாரிச் சத்தம் தாயி, அத்தனை பொம்பளைங்க. எனக்குக் காதுல விழாத மாதிரி இருந்துட்டேன்.

மறுநாள் அங்கதான் இருந்தோம். காலைல அஞ்சரைக்கு, மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னாடி, ஆள் பார்க்காத எடமாப் பார்த்து ஒரு நாற்காலியப் போட்டேன். நீ என்னடான்னு பார்க்குற. அன்னைக்கு எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா துக்கம் நடக்குது, காரியம் வருதுன்னு பதினாறு நாள் விட்டா? பதினாறு மூணு எத்தனை? அத்தனை நாள் பின்னாடி போயிருமே. ஆனா ஒண்ணு சொல்றேன், அவரு மறுக்கவே இல்ல. பதினாலும் செஞ்சாரு. ஒரு முனகல் இல்ல, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. என் மூஞ்சிய மட்டும் பார்த்துக்கிட்டே செஞ்சாரு.

அன்னையிலேருந்து "நாளைக்கி"ங்குற பேச்சே இல்ல. நான் எழுப்புறதுக்கு முன்னாடி எந்திரிச்சு உக்காந்திருப்பாரு. பத்து தடவைன்னா பதினஞ்சு தடவை செய்வாரு. சாயங்காலம் குச்சிய ஊனிக்கிட்டுத் தெருவுல இறங்கிருவாரு. மொத வாரம் முக்கு வரைக்கும். அடுத்து தண்ணி டேங்கு வரைக்கும். தை பொறந்ததும் ரேசன் கடை தாண்டிப் போயிட்டு வர்றாரு. கூட வரவான்னா கையக் காட்டி வேணாம்பாரு. ஜெபசீலி வந்து பார்த்துட்டு வாயப் பொளந்துருச்சு. "அம்மா, நீங்க பெரிய ஆளும்மா"ன்னுச்சு. நான் எல்லார்ட்டயும் சொன்னேன், அண்ணன் சாவுதான் இவரை மாத்திருச்சு, வாழணும்னு வைராக்கியம் வந்துருச்சுன்னு.

பேச்சுதான் கொறஞ்சு போச்சு. பால்காரருட்ட ரெண்டு வார்த்தை பேசுவாரு, எதுத்த வீட்டுப் பிள்ளைட்ட பேசுவாரு. என்கிட்ட வேலை வெட்டின்னா தலையாட்டுறதோட சரி. நாக்குக்கும் பயிற்சி இருக்கான்னு ஜெபசீலியக் கேக்கணும்னு நெனச்சிருந்தேன்.

மாசி மாசம், ஒரு பொதன்கெழமை. ஒன்பது மணிக்கு நான் பள்ளிக்கூடம் போயிட்டேன். ரெண்டரைக்குத் திரும்பி வந்தா கதவு வெளிய கொண்டி போட்டிருக்கு. ஆளக் காணோம். குச்சியக் காணோம். தண்ணி டேங்கு, ரேசன் கடை, பூராம் ஓடித் தேடுறேன். கெணத்தெல்லாம் எட்டிப் பார்த்தேன் தாயி. அப்பத்தான் ஒச்சம்மாக்காட்டேருந்து போன். "பஞ்சு, தேடாத. தம்பி இங்கதான் இருக்காரு. நடந்தே வந்துட்டாரு."

"நடந்தா?"

"நடந்துதான். ஒன்பதரைக்குக் கெளம்புனாராம். இப்பத்தான் வந்து சேர்ந்தாரு."

அஞ்சு கிலோமீட்டரு! நல்ல காலுக்காரனே பைக்கு இல்லாமப் போகமாட்டான், இவரு குச்சிய ஊனி, கால இழுத்து இழுத்து, வெயில்ல, அஞ்சு கிலோமீட்டரு. வழியில ஒருத்தர் வண்டிய நிறுத்தி ஏறுங்கன்னதுக்கு வேணாம்னு கையக் காட்டிட்டாராம். நான் சந்தோசத்துல நடுரோட்டுல நின்னு அழுதுட்டேன். மொதல்ல ஜெபசீலிக்குத்தான் போன் போட்டுச் சொன்னேன். அப்புறந்தான் ஆட்டோவப் புடிச்சேன்.

அங்க போனா, அண்ணன் படுத்திருந்த கட்டில்ல உக்காந்திருக்காரு. பாதமெல்லாம் கொப்புளம். இழுத்துட்டு வந்த கால்ல செருப்பு ஒரு ஓரமாத் தேஞ்சு கிழிஞ்சிருக்கு. அக்கா மஞ்சத்தூளக் கொழச்சுப் போட்டுக்கிட்டு இருக்கு.

"வாங்க, போவோம்"னேன்.

தலைய ஆட்டுனாரு, வரலன்னு.

"சாயங்காலப் பயிற்சி இருக்குல்ல?"ன்னேன்.

செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

வருவாரு, ரெண்டு நாள்ல வருவாருன்னு பார்த்தேன். வரல. சரி, ஆளுதான் வரல, பயிற்சி ஏன் நிக்கணும்? அதான் இந்த ஆறு மணி பஸ்ஸு. தினம் வருவேன். ஒரு மணி நேரம் இருந்துட்டு ஏழே முக்கா பஸ்ஸுல திரும்பிப் பள்ளிக்கூடம் போயிருவேன். இருவத்திரெண்டு நாளா வர்றேன். இருவத்திரெண்டு நாள்ல ஒரு பயிற்சி செய்யல தாயி. பந்தைக் கையில வச்சா கீழ உருட்டி விட்டுருவாரு. அஞ்சு கிலோமீட்டரு நடந்த மனுசன், அந்தக் கட்டில்லயே உக்காந்திருக்காரு. விரலு மடங்க ஆரம்பிச்சிருச்சு. எங்கய்யா கை மாதிரி.

அக்கா சொல்லுச்சு, "கொஞ்ச நாள் விடு பஞ்சு. மனுசன் துக்கத்துல இருக்காரு."

"நாலு மாசம் ஆச்சேக்கா. துக்கத்துக்குன்னு கைய விட்டுற முடியுமா?"

"அவருகிட்ட நீ ஒரு வார்த்தை கேட்டியா, அன்னைக்கு நடந்ததுக்கு?"

"என்ன கேக்கணும்?"ன்னேன்.

அக்கா எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருச்சு.

நேத்து எனக்குப் பொறுக்கல. பக்கத்துல உக்காந்து, அந்தக் கையப் புடிச்சு, விரல ஒவ்வொண்ணா நானே பிரிக்க ஆரம்பிச்சேன். அவரு நல்ல கையால என் மணிக்கட்டப் புடிச்சாரு. போஸ்ட்டு ஏறுன கையாச்சே, வலு அப்படியே இருக்கு. வாய் தெறக்குறாரு. நெத்தியில வேர்வை. ஒரு வார்த்தை வருது, நிக்குது. அடுத்த வார்த்தைய உள்ளேருந்து இழுத்துக்கிட்டு வர்றாரு.

"நீ... வராத. நீ... வராம... இருந்தா... செய்வேன்."

ஆறு வார்த்தை! எண்ணிப் பாரு, ஆறு. ஒரு வருசத்துல ரெண்டு வார்த்தைக்கு மேல சேத்துப் பேசினதில்ல. எனக்கு மொதல்ல அதுதான் தோணுச்சு. அய்யோ, பேச்சு வந்துருச்சேன்னு அக்காவக் கூப்புடுறேன். "அக்கா, கேட்டியா? ஆறு வார்த்தை சேத்துச் சொன்னாரு!" அக்கா வாசல்ல நின்னுக்கிட்டு அழுகுது. அது எதுக்கு அழுகுதுன்னு எனக்கு வெளங்கல. திரும்பி வர்றப்ப, பஸ்ஸுல, இந்தா இந்த மாதிரி சீட்டுல உக்காந்திருக்கேன். அப்பத்தான் அவரு சொன்னது என்னன்னு காதுல விழுந்துச்சு.

நேத்து சாயங்காலம் அஞ்சரை ஆச்சு. எனக்கு என்ன செய்யுறதுன்னு தெரியல. சமைக்கணும்னு தோணல. அவரு நாற்காலி சும்மா கெடந்துச்சு. நான் போய் உக்காந்தேன். சரி, செஞ்சுதான் பார்ப்போமேன்னு எந்திரிச்சு உக்கார ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழாவதுல மூச்சு வாங்கிருச்சு தாயி. முழங்கால் வலி. ரெண்டு காலும் நல்லா இருக்குற எனக்கே ஏழாவதுல. நான் அவரை ஏழுல நிறுத்துனதே இல்ல. எட்டாவதுக்கு எந்திரிக்க மனசு வரல. இருட்டுற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன்.

உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். உன்னை நான் மறுபடி பார்க்கப் போறதில்ல, அதனால சொல்றேன். வாயுன்னு நெனச்சேன்னு சொன்னேன்ல. நெனச்சேன்தான். ஆனா ரெண்டாந்தடவை போன் அடிச்சப்ப வாயு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. தலகாணிக்கு அடியில வைக்குறப்பவே தெரியும். சொன்னா எந்திரிச்சிருவாரு, பாதியில நின்னுரும்னுதான் சொல்லல. அக்கா கேட்டப்ப என்ன கேக்கணும்னு கேட்டேனே, தெரியாமக் கேக்கல.

அழுகல தாயி. தூசி.

கண்டக்டரு சத்தம் குடுக்குறாரு பாரு, வெள்ளையம்பட்டி விலக்கு. இல்ல, நான் இன்னைக்கு இறங்கல. வராதன்னு சொன்னாருல்ல. காலைல எந்திரிச்சதும் கால் தானா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருச்சு, பையும் கையில இருக்கு, ஆனா இறங்க மாட்டேன். அடுத்த ஸ்டாப்புல இறங்கி எதுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிருவேன். நீ எனக்கு ஒரு உபகாரம் செய்யி. நீ ஜன்னல் பக்கம் இருக்க. நான் குனிஞ்சுக்கிறேன், முந்தானையப் போட்டுக்கிறேன், என் தலை தெரியக் கூடாது. வண்டி நிக்கிற எடத்துக்கு நேரா, ரோட்டுமேலயே ஒரு நீலக் கதவு வீடு வரும், முன்னாடி சிமிட்டித் தளம் போட்டிருக்கும். பாரு. ஆளு இருக்காரா?

இருக்காரா! கட்டில்லயா? நிக்கிறாரா? எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு? செவத்தையா. முழங்கை மடங்கியிருக்கா, நேரா இருக்கா? சரி, தெரியாட்டி விடு. கிட்ட யாரு? நரைச்ச தலை, வெள்ளச் சேலை, அதுதான் அக்கா. என்ன செய்யுது? வெங்காயம் உரிக்குதா. அவரைப் பார்க்கவே இல்லையா? பார்க்காம உரிச்சுக்கிட்டு இருக்கா.

உக்காந்துட்டாரா? அதுக்குள்ளயா? இல்ல, இல்ல, உக்காரட்டும். நான் ஒண்ணும் சொல்லல, உக்காரட்டும். மூச்சு வாங்கும்ல.

என்னது? சிரிக்கிறாரா? அக்கா என்னமோ சொல்லுச்சாக்கும். நெசமாவா சிரிக்கிறாரு? வாய் ஒரு பக்கமாக் கோணிக்கிட்டுப் போகும் அவருக்கு. நல்லாப் பாரு தாயி, ரெண்டு பக்கமும் சேந்து வருதா?

ஒரு பக்கந்தானா. பரவால்ல. சிரிச்சாருல்ல.

வண்டிய எடுத்துட்டாங்களா? வீடு தாண்டிருச்சா? நான் நிமிரலாமா?